ஹைட்ரோபோனிக்ஸில் வேர் அழுகாமல் காக்க: ஊட்டக்கரைசலைப் பேணுவது குறித்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்ணில்லாமல் காய்கறி வளர்த்தால் நோய்த்தொல்லை இருக்காது என்ற நம்பிக்கையோடுதான் பலரும் ஹைட்ரோபோனிக்ஸ் முறைக்குள் வருகிறார்கள். மண்ணோடு வரும் நூற்புழுக்களும் பல பூஞ்சாணங்களும் தொடக்கத்தில் இங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனால் மண்ணில் அந்தக் கிருமிகளை அடக்கி வைக்கும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் இங்கே இல்லை. அதோடு, ஒரே கரைசல் எல்லாச் செடிகளின் வேர்களையும் நனைத்துவிட்டு மீண்டும் தொட்டிக்கே திரும்புவதால், ஒரு செடியின் வேரில் புகுந்த கிருமி தோட்டம் முழுவதும் பரவுவதற்குத் தேவையான பாதையை நாமே அமைத்துக் கொடுத்துவிடுகிறோம். ஆகவே இந்த முறையில் நோய்த்தடுப்பு தொட்டியில்தான் தொடங்குகிறது. கரைசலின் வெப்பம், அதில் கரைந்துள்ள ஆக்சிஜன், அதன் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு), உப்பின் அளவு, தழைச்சத்து (நைட்ரஜன்) எந்த வடிவில் இருக்கிறது என்பது ஆகிய ஐந்தையும் சரியாக வைத்திருப்பவருக்கு மருந்தின் தேவை பெரும்பாலும் எழுவதில்லை.

தமிழ்நாட்டில் மொட்டைமாடியிலோ நிழல்வலைக் குடிலிலோ சிறிய அளவில் லெட்டூஸ், கீரை, தக்காளி, வெள்ளரி வளர்க்கத் தொடங்குபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நம் ஊரின் வெயிலில் முதலில் தலைகாட்டும் நோய் வேர் அழுகல் என்பதால் அதற்கே அதிக இடம் தருகிறேன்.

எதிரியை அறிதல்

வேர் அழுகலுக்கு முதன்மையான காரணம் பித்தியம் என்ற கிருமி. மிளகாய், தக்காளி நாற்றங்கால்களில் நாற்றழுகலை உண்டாக்குவதும், மஞ்சளில் கிழங்கழுகலை உண்டாக்குவதும் இதே இனத்தைச் சேர்ந்தவையே. பூஞ்சாணம் என்று வழக்கில் சொன்னாலும் இது உண்மையான பூஞ்சாணம் அன்று. இது இரண்டு கசையிழைகள் கொண்ட, தண்ணீரில் நீந்தக்கூடிய வித்துகளை வெளியிடுகிறது. வேர் கசியவிடும் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் உணர்ந்து அந்த வித்துகள் வேர்நுனியையும் காயம்பட்ட இடங்களையும் தேடிச் சென்று ஒட்டிக்கொள்கின்றன. வேர் நலமாக இருக்கும்போது கசிவு குறைவு. மூச்சுத்திணறியோ உப்பால் எரிந்தோ இருக்கும்போது கசிவு அதிகம். கிருமி உள்ளே வருவதை முழுவதும் தடுப்பது யாருக்கும் கடினம். அது வந்தாலும் காலூன்ற முடியாதபடி வேரை வைத்திருப்பது நம் கையில் இருக்கிறது.

பித்தியத்தின் வகைகளில் பித்தியம் டிஸ்ஸோட்டோகம் குளிர்ந்த கரைசலிலும் தாக்கும். பித்தியம் அஃபானிடெர்மாட்டம் வெப்பத்தை விரும்புவது. கரைசல் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பின் அதன் வேகம் கூடிக்கொண்டே போகும். நாம் அஞ்ச வேண்டியது இரண்டாவதற்குத்தான்.

முதல் படி: தண்ணீர்

செடி வாங்குவதற்கு முன் தண்ணீரைப் பரிசோதித்துவிட வேண்டும். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் ஆய்வு செய்து தருகிறார்கள். அறிக்கையில் பி.எச்., கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் என்னும் இ.சி., பைகார்பனேட், சோடியம், குளோரைடு, சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) ஆகியவற்றைப் பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் பைகார்பனேட் மிகுந்திருந்தால், கரைசலின் பி.எச். எத்தனை முறை இறக்கினாலும் மறுபடி ஏறிக்கொண்டே இருக்கும். சோடியம் மிகுந்திருந்தால், செடி அதை ஏறத்தாழ எடுத்துக்கொள்ளாது என்பதால் சுழற்சித் தொட்டியில் வாரத்துக்கு வாரம் சேர்ந்து வேரை நலிவடையச் செய்யும். இ.சி. சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிசீமன்ஸுக்குக் கீழே உள்ள தண்ணீர் கிடைத்தால் நல்லது. உப்பு மிகுந்த பகுதியில் வசிப்பவர்கள் மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ கலந்து பயன்படுத்துவதே நல்ல வழி.

குளத்து நீரும் திறந்த கிணற்று நீரும் பித்தியம் உள்ளே வரும் வழிகள். அவற்றை வடிகட்டாமல், கிருமி நீக்காமல் தொட்டியில் விட வேண்டாம்.

இரண்டாம் படி: கரைசலைக் கலத்தல்

உரக்கடைகளில் எளிதில் கிடைக்கும், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 கலவையைக் கரைத்து ஹைட்ரோபோனிக்ஸ் செய்யலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதை நான் ஏற்கவில்லை. அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பங்கு யூரியாவாகவும் அமோனியமாகவும் இருக்கிறது; சுண்ணாம்புச்சத்து அறவே இல்லை. இந்த இரு குறைகளும் நோய்க்கு எப்படி வழிவிடுகின்றன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கீரை, லெட்டூஸ் வகைகளுக்கு 100 லிட்டர் தண்ணீரில் கால்சியம் நைட்ரேட் 60 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 30 கிராம், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 15 கிராம், மக்னீசியம் சல்பேட் 30 கிராம், 12 சதவீத இரும்பு ஈ.டி.டி.ஏ. (இரும்பு படிவாக இறங்காதபடி வேறொரு மூலக்கூறு அதைப் பற்றிக்கொண்டிருக்கும் கொடுக்கிணைப்பு வடிவம்) 1.7 கிராம் ஆகியவற்றைச் சேர்த்து, ஹைட்ரோபோனிக்ஸுக்கென விற்கப்படும் நுண்ணூட்டக் கலவையை உறையில் குறித்த அளவில் இடலாம். அந்தக் கலவையிலேயே இரும்பு இருந்தால் தனி இரும்பை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். இந்த அளவு லிட்டருக்கு ஏறத்தாழ 130 மில்லிகிராம் தழைச்சத்து, 34 மில்லிகிராம் பாஸ்பரஸ், 150 மில்லிகிராம் பொட்டாசியம், 110 மில்லிகிராம் கால்சியம், 29 மில்லிகிராம் மக்னீசியம் தரும். மூலத் தண்ணீரின் இ.சி.யோடு இது சுமார் 1.2 முதல் 1.3 வரை கூட்டும்.

கால்சியம் நைட்ரேட்டை மற்ற உரங்களோடு அடர்த்தியான நிலையில் கலக்கவே கூடாது. பாஸ்பேட்டோடும் சல்பேட்டோடும் சேர்ந்து அது வெண்ணிறப் படிவாக இறங்கிவிடும்; இ.சி. மீட்டர் காட்டும் எண் சரியாகத் தோன்றினாலும் செடிக்குக் கால்சியம் கிடைக்காது. ஒவ்வோர் உரத்தையும் தனித்தனி வாளியில் நன்கு கரைத்து, தொட்டியில் முக்கால் அளவு தண்ணீர் நிரம்பிய பின் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றிக் கலக்குங்கள்.

மூன்றாம் படி: வெப்பமும் ஆக்சிஜனும்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் அதிகபட்சம் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 25 டிகிரியில் 8.3, 30 டிகிரியில் 7.6, 35 டிகிரியில் 7 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. இந்தச் சரிவு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் வெப்பம் 10 டிகிரி ஏறும்போது வேரின் சுவாசம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. தேவை இரட்டிப்பாகும் வேளையில் இருப்பு குறைகிறது. அதே வேளையில் பித்தியம் அஃபானிடெர்மாட்டத்துக்கு உகந்த வெப்பமும் வந்துவிடுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் நன்றாக இருந்த பாத்தி இரண்டு மூன்று நாளில் சாய்வதற்குப் பெரும்பாலும் இந்த மூன்றும் ஒருசேர நிகழ்வதே காரணம்.

கரைசலை 20 முதல் 24 டிகிரிக்குள் வைப்பது இலக்கு. தொட்டியை மாடியின் வெயிலில் வைக்காமல் நிழலான பக்கத்தில் வைத்து, வெளிப்புறத்தை வெள்ளையடித்து, தெர்மோகோல் போன்ற வெப்பத்தடைப் பொருளால் சுற்றுங்கள். இடமிருந்தால் தொட்டியைத் தரைக்குள் இறக்கிப் புதைப்பது இன்னும் நல்லது. சிறிய தொட்டி விரைவில் சூடேறும். ஒரு செடிக்கு எவ்வளவு கரைசல் என்று கணக்கிடும்போது தாராளமாகவே கணக்கிடுங்கள். குழாய்கள் வெண்ணிறமாக இருக்கட்டும், ஆனால் ஒளி ஊடுருவக் கூடாது. ஒளி புகுந்தால் பாசி படரும். பாசி இரவில் ஆக்சிஜனை உறிஞ்சும், இறந்தபின் கிருமிக்கும் பூஞ்சாண ஈக்களுக்கும் உணவாகும். அந்த ஈக்களின் புழுக்கள் வேரைக் கடித்துக் காயப்படுத்துவதோடு பித்தியத்தையும் சுமந்து செல்கின்றன.

தொட்டியில் காற்று பம்பும் காற்றுக்கல்லும் எப்போதும் இயங்க வேண்டும். திரும்பி வரும் கரைசல் சற்று உயரத்திலிருந்து தொட்டியில் விழும்படி அமைத்தாலே கணிசமான ஆக்சிஜன் கரையும். மெல்லிய படலமாகக் கரைசல் ஓடும் என்.எஃப்.டி. முறையில் குழாய்க்கு 1 முதல் 3 சதவீதம் சரிவு கொடுத்து, ஒவ்வொரு குழாயிலும் நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் ஓடுமாறு பாருங்கள். குழாய் தொய்ந்து நடுவில் நீர் தேங்கினால் அழுகல் அந்த இடத்தில்தான் தொடங்கும்.

மின்வெட்டைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். என்.எஃப்.டி. முறையில் நண்பகலில் மோட்டார் நின்றால் வேர்கள் குறுகிய நேரத்திலேயே உலரத் தொடங்கும். பிழைத்த செடியிலும் இறந்த வேர்நுனிகள் கிருமிக்கு வாசலாகும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் தொடங்குபவர், வேர்கள் ஆழமான கரைசலில் மிதக்கும் தெப்ப முறையைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பானது.

நான்காம் படி: பி.எச்.

5.5 முதல் 6.5 வரை என்பது பெரும்பாலான காய்கறிகளுக்குப் பொருந்தும். பி.எச். ஏறும்போது முதலில் பாதிக்கப்படுவது இரும்பு. ஈ.டி.டி.ஏ. வடிவ இரும்பு 6.5க்கு மேல் நிலைக்காது, டி.டி.பி.ஏ. வடிவம் சுமார் 7.5 வரை தாங்கும், ஈ.டி.டி.எச்.ஏ. அதற்கும் மேலே நிற்கும். இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக வெளிறுவதைக் கண்டு நோய் என்று மருந்து தெளிப்பவர்கள் உண்டு, முதலில் பி.எச். பார்க்க வேண்டும். இறக்குவதற்குப் பாஸ்பாரிக் அமிலம் போதும். அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

அமிலத்தன்மையையே வேர் அழுகலுக்கு எதிரான கருவியாக்க முடியுமா என்ற கேள்வியும் ஆராயப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பேசில் என்னும் இத்தாலியத் துளசியைப் பி.எச். 4.0 கரைசலில் வளர்த்தபோது வளர்ச்சி குன்றாமலேயே பித்தியத்தின் தாக்குதல் அடங்கியது. ஆனால் ஸ்பினாச் போன்ற பயிர்கள் அந்த அமிலத்தன்மையில் வளர்ச்சி குன்றுகின்றன. ஆகவே பயிரை அறியாமல் இதைப் பின்பற்ற வேண்டாம். புதியவர்கள் வழக்கமான வரம்புக்குள்ளேயே இருப்பது நல்லது.

ஐந்தாம் படி: உப்பின் அளவு

லெட்டூஸுக்கு இ.சி. 1.2 முதல் 1.8, வெள்ளரிக்கு 1.8 முதல் 2.5, தக்காளிக்கு 2 முதல் 3.5 வரை என்று வைத்துக்கொள்ளலாம். கோடையில் கீழ் எல்லையை ஒட்டியே இருங்கள். வெயிலில் செடி உப்பைவிடத் தண்ணீரை வேகமாக உறிஞ்சுவதால் தொட்டியில் இ.சி. தானாகவே ஏறும், அப்போது வெறும் தண்ணீரையோ பாதி அடர்த்திக் கரைசலையோ மட்டுமே ஊற்ற வேண்டும். உப்பழுத்தம் வேர்நுனியைக் கருக்கி, பித்தியத்துக்கும் அதன் உறவான பைட்டோப்தோராவுக்கும் இடம் கொடுக்கும். கரைந்த உப்பைப் பி.பி.எம். எண்ணாகக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: சில மீட்டர்கள் 1 இ.சி.யை 500 பி.பி.எம். என்றும், சில 700 என்றும் கணக்கிடுகின்றன. எது என்று தெரியாமல் அடுத்தவர் சொன்ன பி.பி.எம். எண்ணைப் பின்பற்றினால் கரைசல் தவறிப்போகும்.

ஆறாம் படி: சத்தும் நோயும்

தழைச்சத்து கூடினால் நோய் கூடும் என்பது பொதுவான பேச்சு. உண்மை அதைவிடச் சிக்கலானது. நெதர்லாந்தின் வாகனிங்கனில் தக்காளியை வைத்துச் செய்து 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், தழைச்சத்து கூடக்கூட, இலையில் வெண்பொடி படியும் சாம்பல் நோயும் பாக்டீரியா இலைப்புள்ளியும் அதிகரித்தன. பொட்ரைட்டிஸ் என்னும் சாம்பல்பூஞ்சாண அழுகலோ குறைந்தது. ஃபியூசேரியம் வாடல் நோயில் மாற்றமில்லை. சத்தைக் குறைத்துப் பட்டினி போட்டால் எல்லா நோயும் ஒழியும் என்று எண்ணிவிட வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அளவாகக் கொடுப்பதே வழி.

அளவைவிட வடிவத்தில் கவனம் தேவை. தழைச்சத்து அமோனியமாக மிகுந்தால் வேரைச் சுற்றி அமிலத்தன்மை கூடும், கால்சியம் உறிஞ்சுவது தடைபடும், வெப்பமான கரைசலில் வேரின் ஆக்சிஜன் தேவையும் ஏறும். தக்காளியில் ஃபியூசேரியம் வாடல் அமோனியத்தால் தீவிரமடைகிறது என்பதும், நைட்ரேட்டோடு சற்று உயர்ந்த பி.எச். சேர்ந்தால் தணிகிறது என்பதும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் நெடுங்காலம் நடந்த ஆய்வுகளின் முடிவு. மொத்தத் தழைச்சத்தில் அமோனியம் 10 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்திருங்கள். மேலே கொடுத்த கலவையில் அது சுமார் 5 சதவீதமே.

கால்சியம் செல்சுவரைப் பிணைத்து வைக்கும் சத்து. அழுகலை உண்டாக்கும் கிருமிகள் அந்தப் பிணைப்பைக் கரைத்துத்தான் உள்ளே நுழைகின்றன. தக்காளியில் பாக்டீரியா வாடல் நோயின் கடுமை கரைசலில் கால்சியம் கூடும்போது குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. லெட்டூஸின் உள்ளிலை நுனி கருகுவதும் தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து அமுங்குவதும் கிருமியால் அல்ல, கால்சியம் அந்த இடத்துக்குப் போய்ச் சேராததால் நேர்பவை. பல நேரங்களில் தொட்டியில் கால்சியம் போதுமான அளவு இருந்தும் இது நேரும். கால்சியம் நீரோட்டத்தோடுதான் மேலே செல்லும் என்பதால், காற்றோட்டமில்லாத குடில், மிகுந்த இ.சி., மிகுந்த பொட்டாசியம் ஆகியவை அதைத் தடுக்கும். கருகிய நுனியில் பின்னர் பொட்ரைட்டிஸ் குடியேறும்போது நோயாகவே மாறிவிடும். விசிறி வைத்து இலைகளுக்கிடையே காற்றை நகரவிடுவது, இன்னும் கொஞ்சம் கால்சியம் நைட்ரேட் போடுவதைவிடப் பலன் தரும்.

வெள்ளரி வளர்ப்பவர்களுக்கு மட்டும் சிலிக்கானைப் பரிந்துரைக்கிறேன். சத்துப் பட்டியலில் அது கட்டாயமானதாக இடம்பெறுவதில்லை. ஆனாலும் லிட்டருக்கு 100 மில்லிகிராம் சிலிக்கா அளவுக்குப் பொட்டாசியம் சிலிகேட் சேர்த்த கரைசலில் வளர்ந்த வெள்ளரியில் சாம்பல் நோய் குறைவதும், கனடாவின் லவால் பல்கலைக்கழக ஆய்வுகளில் பித்தியத்துக்கு எதிரான வேரின் தற்காப்பு வலுப்படுவதும் காணப்பட்டுள்ளன. தக்காளி சிலிக்கானை மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது, ஆகவே அதில் இந்த அளவு பலனை எதிர்பார்க்க வேண்டாம். சிலிகேட்டை மற்ற உரங்களுக்கு முன்பாக வெறும் தண்ணீரில் கரைத்துவிட வேண்டும், அது பி.எச்.ஐ வெகுவாக ஏற்றும் என்பதால் பின்னர் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஏழாம் படி: அன்றாடக் கவனிப்பு

காலையில் ஒரு முறை வெப்பம், பி.எச்., இ.சி. மூன்றையும் அளந்து குறித்துவையுங்கள். பிற்பகல் இரண்டு மணி வாக்கில் வெப்பத்தை மட்டும் மீண்டும் பாருங்கள். வாரம் இரு முறை சில செடிகளைத் தூக்கி வேரைப் பார்க்க வேண்டும். நல்ல வேர் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ உறுதியாக இருக்கும். இரும்புச்சத்தின் நிறம் ஏறிப் பழுப்பாகத் தெரியும் வேர்கூட உறுதியாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. விரலால் மெல்ல இழுத்தால் மேல்தோல் வழுக்கிக் கழன்று நடுநரம்பு நூலாக எஞ்சுமானால் அது பித்தியம். மேலே தெரியும் முதல் அறிகுறி, நண்பகலில் வாடி மாலையில் தெளிவது. தொட்டியில் போதிய நீர் இருந்தும் இப்படி நேர்ந்தால் அன்றே வேரைப் பாருங்கள்.

தொட்டி சிறியதாக இருந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கரைசலை முழுவதும் மாற்றிவிடுங்கள். பழைய கரைசலை மாடித்தோட்டத்து மண்தொட்டிகளுக்கு ஊற்றலாம். நோய் வந்த தொட்டியின் கரைசலை ஊற்றக் கூடாது.

நோய் வந்துவிட்டால்

தாக்கப்பட்ட செடிகளை உடனே வெளியேற்றி, கரைசலை வடித்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் புதிய கரைசலைச் சற்றுக் குறைந்த இ.சி.யில் நிரப்புங்கள். வெப்பத்தை இறக்கவும் காற்றைக் கூட்டவும் அன்றே ஏற்பாடு செய்யுங்கள். உறைந்த நீர் நிரம்பிய மூடிய பாட்டில்களைத் தொட்டியில் மிதக்கவிடுவது அவசரத்துக்கு உதவும். ஹைட்ரஜன் பெராக்சைடு கிருமியைக் கொல்லும், ஆனால் விரைவில் சிதைந்து மறைந்துவிடும். அளவு மீறினால் வேரையும் எரிக்கும்; இரும்புக் கொடுக்கிணைப்பையும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களையும் அழிக்கும். மண்பயிருக்கென்று பரிந்துரைக்கப்பட்ட பூஞ்சாணக்கொல்லியை ஊட்டத்தொட்டியில் ஊற்றவே கூடாது. ஊடுருவிப் பாயும் மருந்துகள் வேர் வழியாக ஏறி, நாம் பச்சையாகச் சாப்பிடப்போகும் இலையில் தங்கும்.

டிரைக்கோடெர்மா, பேசில்லஸ் சப்டிலிஸ், சூடோமோனாஸ் போன்ற நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் நோய் வருமுன் இட்டால்தான் பயன்தரும்; அழுகிய வேரை அவை மீட்டுத் தரா. டால்க் பொடியில் கலந்து விற்கப்படுபவை சொட்டுவான்களையும் பம்பையும் அடைக்கும் என்பதால் திரவ வடிவத்தையே வாங்குங்கள், அல்லது நாற்று வளர்க்கும் நார்க்கழிவில் கலந்துவிடுங்கள்.

பெரிய அளவில் செய்பவர்கள், திரும்பி வரும் கரைசலைக் கிருமிநீக்கம் செய்யும் வழிகளை எண்ணிப் பார்க்கலாம். மணிக்கு ஒரு சதுர மீட்டருக்கு 100 முதல் 300 லிட்டர் மட்டும் இறங்கும் மெதுமணல் வடிகட்டி, செலவு குறைந்தது. பித்தியத்தையும் பைட்டோப்தோராவையும் நன்றாகத் தடுக்கும், ஃபியூசேரியத்தையும் வைரஸையும் முழுமையாகத் தடுக்காது. புற ஊதாக் கதிரில் பூஞ்சாணங்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிஜூலும் வைரஸுக்கு 250 மில்லிஜூலும் தேவை. அந்தக் கதிர் இரும்புக் கொடுக்கிணைப்பைச் சிதைக்கும் என்பதால் இரும்பை அவ்வப்போது கூட்ட வேண்டிவரும்.

ஒரு பயிர் முடிந்து அடுத்தது தொடங்குமுன் குழாய், நெட் பாட் (செடி நிற்கும் வலைக்கிண்ணம்), பம்பு, தொட்டி எல்லாவற்றையும் முதலில் தேய்த்து வழவழப்புப் படலத்தை நீக்க வேண்டும். படலத்துக்கு அடியில் உள்ள கிருமியைப் பிளீச் எட்டாது. பிறகு ஒரு பங்கு வீட்டுப் பிளீச் திரவத்தை ஒன்பது பங்கு நீரில் கலந்து அரைமணி நேரம் ஊறவிட்டு, வாசனை போகும்வரை வெறும் தண்ணீரில் அலசுங்கள். பி.எச். இறக்க வைத்திருக்கும் அமிலம் அந்த நேரத்தில் அருகில் இருக்கக் கூடாது. பிளீச்சோடு அமிலம் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். குழாய்கள் வெயிலில் ஒரு நாள் முழுவதும் உலர்ந்த பின், வெண்மையான வேருள்ள நாற்றுகளை மட்டும் பொறுக்கி நடுங்கள்; வேர்நுனி பழுப்பேறிய நாற்று எவ்வளவு செழிப்பாகத் தெரிந்தாலும் அதைத் தொட்டிக்குள் விட வேண்டாம்.